ஏக்கருக்கு எவ்வளவு என்பதைக் கடைசியில் கேளுங்கள்

கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கு உதவும். கேட்டவரின் மைத்துனர் பென்சில்வேனியாவின் வடகிழக்கு மூலையில் 80 ஏக்கர் பழைய பால்பண்ணை ஒன்றை வாங்கியிருக்கிறார். எரிவாயு நிறுவனத்தின் ஆள் ஒருவர் வீடு தேடி வந்து, குத்தகைத் தாளைச் சமையலறை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஏக்கருக்கு எவ்வளவு கேட்கலாம்? அப்புறம், நம் ஊரில் மீத்தேன் என்ற சொல்லைக் கேட்டாலே ஊர் திரண்டுவிடுகிறது, அங்கே எப்படி விவசாயிகளே உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறார்கள்?

நான் வழக்கறிஞன் இல்லை. அந்த மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகள் பத்திர ஆய்வு வேலை பார்த்தவன். மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தின் பதிவறையில் உட்கார்ந்து, ஒற்றை ஆள் தூக்கத் திணறும் பேரேடுகளைப் புரட்டி, யார் யாருக்கு எந்த ஆண்டில் எதை விற்றார்கள் என்று குறிப்பெடுக்கிற வேலை. வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்போமே, அதேதான். நம் ஊரில் 30 ஆண்டு பார்த்தால் போதும் என்பார்கள், அங்கே 150 ஆண்டு பின்னால் போக வேண்டும். அந்தப் பழக்கத்தில் நான் முதலில் கேட்பது இது: வாங்கியது நிலத்தின் மேல்பரப்பை மட்டுமா, அடியில் இருப்பதையும் சேர்த்தா?

அமெரிக்காவில் இவை இரண்டும் தனித்தனிச் சொத்து. 80 ஏக்கரை விற்கிறவர் அடியில் இருக்கும் எண்ணெயையும் எரிவாயுவையும் தனக்கென்று நிறுத்திக்கொண்டு, மண்ணை மட்டும் விற்கலாம். அவருடைய பேரப்பிள்ளைகள் எங்கோ அரிசோனாவில் இருந்துகொண்டு இவர் நிலத்தடி வாயுவுக்கு ராயல்டி வாங்கலாம். பென்சில்வேனியாவில் இதற்கு ஒரு விசித்திரமான கிளைச் சட்டமும் உண்டு. பழைய பத்திரத்தில் ‘கனிமங்கள் அனைத்தும்’ என்று மட்டும் எழுதி நிறுத்தியிருந்தால் அதில் எரிவாயு சேராது. பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். 1882-ல் எண்ணெய் பற்றி வந்த தீர்ப்பிலிருந்து வளர்ந்த விதி இது. மாநிலத்தின் அடியில் ஆழத்தில் கிடக்கும் மார்செல்லஸ் என்ற ஷேல் (களிமண் படிவப்) பாறையிலிருந்து வாயு கொட்டத் தொடங்கியதும் ‘ஷேல் பாறையே கனிமம்தானே, அதற்குள் இருக்கும் வாயுவும் எங்களுடையதே’ என்று ஒரு வாரிசுக் கூட்டம் வழக்குப் போட்டது. 2013-ல் மாநில உச்ச நீதிமன்றம் பழைய விதியே செல்லும் என்று சொல்லிவிட்டது. 130 ஆண்டுப் பழைய வரி ஒன்று இன்றைக்குக் கோடிக்கணக்கான டாலரைப் பிரித்துக் கொடுக்கிறது. நான் பார்த்த ஒரு தம்பதி எட்டு மாதம் பேரம் பேசி, நல்ல விலையும் பேசி முடித்த பிறகுதான், 1950-களின் பத்திரம் ஒன்றில் பாதி எரிவாயுவை முந்தைய குடும்பம் நிறுத்திவைத்திருந்தது தெரிந்தது. பேசிய பணத்தில் பாதிதான் கைக்கு வந்தது. எனவே மூலப்பத்திரத்தில் இருந்து தொடங்குங்கள். பழைய ஆழமில்லாத எரிவாயுக் கிணறு ஒன்று நிலத்தில் எங்காவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். 1960-களில் போட்ட குத்தகை அந்தக் கிணற்றோடு உயிரோடு இருந்தால் புதிதாகப் பேச உங்களிடம் எதுவும் இல்லை.

சரி, உரிமை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். குத்தகை என்ற சொல்லே நம்மைக் கொஞ்சம் திசைதிருப்பிவிடும். தஞ்சாவூர்ப் பக்கம் குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் இத்தனை மூட்டை என்று கட்டிவைத்த கணக்கு. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. எரிவாயு ஒப்பந்தம் பெயருக்குக் குத்தகை, நடப்பில் வாரம். கையெழுத்துப் போடும்போது ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே ஒரு தடவை கொடுக்கும் முன்பணம் உண்டு, அதை அங்கே போனஸ் என்பார்கள். கிணறு ஓடத் தொடங்கினால் மாதாமாதம் வருகிற பங்கு ராயல்டி. மைத்துனர் கேட்பது முன்பணத்தை. சொத்து மதிப்பு இருப்பதோ வாரத்தில்.

முன்பணத்தைப் பற்றிச் சொல்வதானால், அது சந்தை நாளைப் பொறுத்தது. மார்செல்லஸில் முதல் சோதனைக் கிணறுகள் 2003, 2004 வாக்கில் மாநிலத்தின் தென்மேற்கில் வாஷிங்டன் மாவட்டத்தில் தோண்டப்பட்டன. 2006-ல் வடகிழக்கில் டிமோக் என்ற சிற்றூரில் கதவைத் தட்டிய முகவர்கள் ஏக்கருக்கு 25 டாலர் கொடுத்தார்கள். பால்விலை சரிந்து கடனில் கிடந்த விவசாயிகளுக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. 2008 தொடக்கத்தில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டெர்ரி எங்கெல்டரும் நியூயார்க்கின் கேரி லாஷும் அந்தப் பாறையில் இருக்கும் வாயுவின் அளவைக் கணக்கிட்டுச் சொன்ன பிறகு, சில மாதங்களிலேயே ஆயிரம், இரண்டாயிரம் என்று ஏறியது. 2009-ல் டிமோக் இருக்கும் அதே சஸ்க்வஹானா மாவட்டத்தில் நிலக்காரர்களின் கூட்டமைப்பு ஒன்று 5,500 டாலருக்கும் 20 சதவீத ராயல்டிக்கும் முடித்தது. மூன்றே ஆண்டு இடைவெளி, அதே பாறை. முகவர் உங்கள் மைத்துனரிடம் சொல்லியிருப்பார்: “பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் போட்டாச்சு, நீங்கள்தான் பாக்கி.” இது எல்லா ஊரிலும் சொல்லப்படுகிற வசனம். பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டால் அவரிடமும் இதையே சொல்லியிருப்பது தெரியும்.

இப்போது வாரத்துக்கு வருகிறேன். என் பதிலின் கனம் இங்கேதான்.

பென்சில்வேனியாவில் 1979-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது: ராயல்டி எட்டில் ஒரு பங்குக்கு, அதாவது 12.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எதில் எட்டில் ஒன்று? களத்துமேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தூற்றிக் குவித்த மொத்த நெல்லில் வாரம் அளப்பது ஒன்று. அறுப்புக்கூலி, கட்டுத்தூக்கின கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்து மிச்சத்தில் அளப்பது இன்னொன்று. எரிவாயுவிலும் இதே தகராறுதான். கிணற்றில் இருந்து வரும் வாயுவை ஈரம் நீக்கி, அழுத்தம் ஏற்றி, குழாயில் பல மைல் அனுப்பினால்தான் சந்தையில் விற்க முடியும். இந்தச் செலவில் நிலக்காரரின் பங்கு உண்டா இல்லையா? ‘இதையெல்லாம் கழித்தால் எங்களுக்கு 12.5-க்குக் கீழே அல்லவா வருகிறது, அப்படியானால் குத்தகையே செல்லாது’ என்று நிலக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2010-ல் மாநில உச்ச நீதிமன்றம் கழித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னது. ராயல்டி என்றால் என்ன என்று 1979 சட்டம் விளக்கவில்லை, தொழிலில் வழங்குகிற பொருளையே எடுத்துக்கொள்கிறோம் என்பது நீதிமன்றத்தின் நியாயம். அண்டை மாநிலமான மேற்கு வர்ஜீனியாவில் 2006-ல் வந்த தீர்ப்பு இதற்கு நேர் எதிர்: கழிப்பதானால் எதை, எப்படிக் கழிப்பது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். எல்லைக்கு இந்தப்பக்கம் ஒரு நியாயம், அந்தப்பக்கம் ஒரு நியாயம்.

மைத்துனரின் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். கிணறுகளுக்காகப் பல நிலங்களைச் சேர்த்து ஒரு தொகுப்பு போடுவார்கள், 640 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய 80 ஏக்கர் முழுவதும் அதற்குள் வந்தால் அவர் பங்கு எட்டில் ஒன்று. ராயல்டி 15 சதவீதம் என்றால் இரண்டையும் பெருக்கி 0.01875. இந்த எண்தான் ஒவ்வொரு மாதமும் காசோலையோடு வரும் சீட்டில் அச்சாகியிருக்கும்; அங்கத்து விவசாயிகள் தங்கள் பசுக்களின் எண்ணைப்போல இதை மனப்பாடமாக வைத்திருப்பார்கள். கிணறு நாளொன்றுக்கு 50 லட்சம் கன அடி தருகிறது, ஆயிரம் கன அடிக்கு இரண்டரை டாலர் என்றால், மொத்த வருமானம் நாளைக்கு 12,500. மைத்துனருக்கு 234 டாலர், மாதம் சுமார் 7,000. இதில் ஆயிரம் கன அடிக்கு ஒரு டாலர் செலவு என்று கழித்தால் மாதம் 4,200. இரண்டுக்கும் வித்தியாசம் 2,800 டாலர். ஏக்கருக்கு 500 டாலர் முன்பணம் அதிகம் வாங்கிவிட்டேன் என்று அவர் மகிழ்ந்தால், அந்த 40,000 டாலரை இந்தக் கழிவு மூன்று நான்கு ஆண்டுகளில் தின்றுவிடும். கிணற்றின் ஓட்டம் முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல் சரியும் என்பதைச் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன். இது வெறும் பயமுறுத்தல் என்று நினைக்க வேண்டாம். கழிவுகளைப் பற்றி விவசாயிகள் குமுறியதில் 2015 டிசம்பரில் மாநில அட்டர்னி ஜெனரலே செசபீக் எனர்ஜி நிறுவனத்தின்மீது வழக்குப் போட்டார். அது 2021-ல் 53 லட்சம் டாலருக்குச் சமரசமானது. இடையில் 2020-ல் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்திருந்தது.

ஆகவே அவர் கேட்க வேண்டிய சொற்றொடர் ‘மொத்த விற்பனை விலையில், எந்தக் கழிவும் இல்லாமல்’ என்பது. சம்மதித்துவிடுவார்கள். சம்மதித்துவிட்டு அடுத்த வரியில் ஒரு ஊசியைச் செருகுவார்கள்: ‘விற்கத்தக்க நிலையை அடைந்த வாயுவின் மதிப்பை மேலும் உயர்த்தும் செலவுகள் நீங்கலாக’. படிக்க நியாயமாகத்தான் இருக்கும். விற்கத்தக்க நிலை எது? கிணற்று வாயிலேயே விற்கத்தக்கதுதான் என்று நிறுவனம் சொன்னால், அதற்கு அப்பால் குழாயில் போகும் ஒவ்வொரு மைலும் ‘மதிப்பை உயர்த்தும் செலவு’. முன்வாசலில் விரட்டியது கொல்லைப்புறம் வழியாக உள்ளே வந்துவிடும். அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். இன்னொன்று, நிறுவனம் தன் சொந்தத் துணை நிறுவனத்துக்கே மலிவாக விற்றுவிட்டு அந்த விலையில் ராயல்டி கொடுக்கக்கூடாது, வெளியாளுக்கு விற்ற விலைதான் கணக்கு என்று எழுத வேண்டும். கணக்குப் புத்தகத்தைத் தணிக்கை செய்யும் உரிமையும் வேண்டும்.

அடுத்தது காலம். ஐந்து ஆண்டு என்று முகவர் சொல்லியிருப்பார். ஐந்து என்பது நிறுவனம் துளைக்காமல் சும்மா இருக்கக்கூடிய காலம் மட்டும்தான். அதற்குள் கிணறு ஓடத் தொடங்கிவிட்டால், வாயு லாபகரமாக வருகிறவரை குத்தகை நீளும். 40 ஆண்டு ஆனாலும் சரிதான். இதில் பெரிய கண்ணி நிலத்தொகுப்பு. மைத்துனரின் 80 ஏக்கரில் ஒரு மூலையில் 10 ஏக்கரை மட்டும் ஒரு தொகுப்பில் சேர்த்துக் கிணறு போட்டால், ராயல்டி வருவது அந்தப் பத்துக்கு மட்டும். ஆனால் மீதி 70 ஏக்கரும் கட்டுண்டு கிடக்கும், வேறு யாருக்கும் கொடுக்க முடியாது. இதைத் தடுக்க ‘பியூ ஷரத்து’ என்று ஒன்று இருக்கிறது. 1940-களில் லூசியானாவில் அந்தப் பெயருள்ள வழக்கறிஞர் ஒருவர் எழுதிச் சேர்த்தது, அவர் பெயரே நிலைத்துவிட்டது. தொகுப்பில் சேராத நிலம் ஆரம்பக் காலம் முடிந்ததும் விடுபட வேண்டும் என்பதே அதன் சாரம். ஆழத்துக்கும் அதையே கேளுங்கள். மார்செல்லஸுக்குக் கீழே யூடிகா என்று இன்னொரு பாறை அடுக்கு இருக்கிறது. மேலதைத் துளைத்ததற்காகக் கீழதையும் சேர்த்துப் பிடித்துவைத்துக்கொள்ள விடக்கூடாது.

அந்தக் காலக்கெடு எவ்வளவு பெரிய விஷயம் என்பது எல்லைக்கு வடக்கே தெரிந்தது. நியூயார்க் மாநிலத்தின் தென்பகுதியிலும் அதே பாறைதான் ஓடுகிறது. பென்சில்வேனியாவில் கிணறுகள் ஓடிக்கொண்டிருந்தபோது, ஆய்வு முடியட்டும் என்று 2008 முதல் நியூயார்க் அனுமதியை நிறுத்திவைத்தது. 2014 டிசம்பரில் தடை என்றே அறிவித்துவிட்டது. பழைய மலிவு விலையில் போட்ட குத்தகைகள் காலாவதியான பிறகும், ‘அரசு தடுத்ததால்தானே துளைக்க முடியவில்லை, அது எங்கள் சக்திக்கு மீறியது, ஆகவே குத்தகை நீள்கிறது’ என்று நிறுவனங்கள் வாதாடின. 2015-ல் அந்த மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தத் தப்பிக்கும் ஷரத்து ஆரம்பக் காலத்தை நீட்டாது என்று சொல்லி நிலக்காரர்களை விடுவித்தது. விடுபட்ட நிலத்தை வைத்துக்கொண்டு அவர்களால் எதுவும் செய்ய முடியவில்லை என்பது வேறு விஷயம். தடை 2020-ல் சட்டமாகவே ஆகிவிட்டது. எல்லைக்கு ஒரு பக்கம் புது டிராக்டர், மறு பக்கம் வெற்று நம்பிக்கை.

மேல்பரப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிணற்று மேடை ஒன்றுக்கே நான்கைந்து ஏக்கர் சமப்படுத்திச் சரளை கொட்டுவார்கள். சாலை, குழாய், நீர்த்தேக்கம் எல்லாம் அதற்கு மேல். இது எதுவும் வேண்டாம் என்றால் ‘மேல்பரப்பைத் தொடாத குத்தகை’ கேட்கலாம். பக்கத்து நிலத்தில் இருந்து கிடைமட்டமாக ஒரு மைல், இரண்டு மைல் துளைத்து வருவார்கள், இவர் வயலில் ஒரு வண்டிச் சுவடும் விழாது. 80 ஏக்கர்க்காரருக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். குழாய்ப் பாதையைக் குத்தகைக்குள் விடாமல் தனிப் பேரமாக வைத்துக்கொள்ளவும். காலியான பாறையில் வெளியிலிருந்து கொண்டுவந்த வாயுவைச் சேமிக்கும் உரிமையை அடித்துவிடவும். பண்ணை நில வரிச்சலுகை பறிபோனால், முந்தைய ஆண்டுகளுக்காகத் திரும்பக் கேட்கும் வரியை நிறுவனமே கட்ட வேண்டும் என்று எழுதவும்.

தண்ணீரை மட்டும் சுருக்க மாட்டேன். 25 டாலருக்குக் கையெழுத்துப் போட்ட அதே டிமோக்கில்தான் குடிநீர்க் கிணறுகளில் மீத்தேன் கலந்தது. 2009 புத்தாண்டு அன்று ஒரு வீட்டுக் கிணற்றின் கான்கிரீட் மூடி வெடித்துச் சிதறியது. அங்கே துளைத்த நிறுவனத்தின்மீது நடந்த குற்ற வழக்கு 2022 நவம்பரில்தான் முடிந்தது. குற்றச்சாட்டை மறுத்து வாதாடாமல், புதிய குடிநீர்க் குழாய்க்கு 1.6 கோடி டாலருக்கு மேல் கொடுக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. பதிமூன்று ஆண்டுகள் மக்கள் கேன் தண்ணீரில் வாழ்ந்திருக்கிறார்கள். 2012 சட்டப்படி, ஷேல் எரிவாயுக் கிணற்றில் இருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் தண்ணீர் கெட்டால் நிறுவனமே காரணம் என்று அனுமானிக்கப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. அதற்காகத்தான் துளைக்கும் முன்பே அவர்களே ஆள் அனுப்பி இலவசமாகத் தண்ணீர் சோதித்துத் தருகிறார்கள். நல்லெண்ணம் என்று நினைத்துவிட வேண்டாம், முன்பே கெட்டிருந்தது என்று காட்டுவதற்கான சான்று அது. மைத்துனரும் தன் செலவில் ஒரு சோதனை எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

‘கையெழுத்தே போடாவிட்டால்?’ என்று கேட்கலாம். மார்செல்லஸ் பாறைக்கு அந்த மாநிலத்தில் கட்டாயத் தொகுப்புச் சட்டம் பொருந்தாது. இவர் சம்மதிக்காமல் இவர் நிலத்துக்கு அடியில் துளைக்க முடியாது. ஆனால் பக்கத்தில் துளைத்து, நீரை அழுத்திப் பாறையை உடைக்கும்போது இவர் வாயுவும் அந்தப் பக்கம் போய்விட்டால்? 11 ஏக்கர் வைத்திருந்த ஒரு குடும்பம் இதைக் கேட்டு வழக்காடியது. யார் கிணற்றில் வருகிறதோ அவருடையது என்ற பழைய விதியே இதற்கும் பொருந்தும் என்று 2020-ல் தீர்ப்பு வந்தது. எல்லை தாண்டி நேரடியாக ஊடுருவினார்கள் என்று நிரூபித்தால்தான் வழக்கு. அதாவது ஒதுங்கி நிற்பதற்கும் ஒரு விலை உண்டு. தனியாக நிற்பதைவிட அந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் கையெழுத்துப் போடாதவர்கள் யார் யார் என்று கண்டுபிடித்து, சேர்ந்து நிற்பது நல்லது. 80 ஏக்கர்க்காரர் கேட்டால் ‘எங்கள் வழக்கமான தாள் இதுதான்’ என்பார்கள். ஐயாயிரம் ஏக்கர் சேர்ந்து கேட்டால் வழக்கமான தாள் வேறாகிவிடும். 2009-ல் அந்தக் கூட்டமைப்பு 5,500 வாங்கியது இப்படித்தான்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் இப்போது பாதி புரிந்திருக்கும். அங்கே விவசாயி கையெழுத்துப் போடுவதற்குக் காரணம், போடாமல் இருக்கவும் அவரால் முடியும் என்பதுதான். இந்தியாவில் 1948 சட்டமும் அதன் கீழ் வந்த விதிகளும் எரிவாயு எடுக்கும் உரிமத்தை அரசின் கையில் வைத்திருக்கின்றன. தரைப்பகுதிக் கிணற்றின் ராயல்டி மாநில அரசுக்குப் போகிறது. மன்னார்குடிக்காரருக்கோ நெடுவாசல்காரருக்கோ கிடைப்பது மேல்பரப்புக்கான வாடகையும் பயிர் இழப்பீடும். குழாய் என்றால் 1962 சட்டப்படி நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் சேதத்துக்கான ஈடும். வாரத்தில் பங்கில்லை, மறுக்கவும் இடமில்லை. பேரம் பேச மேசையே போடாத இடத்தில் ஆட்கள் பந்தல் போட்டுத்தான் உட்காருவார்கள். 2017-ல் நெடுவாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் வந்தது. பென்சில்வேனியா முறை நமக்கு நல்லதா என்று கேட்டால், டிமோக்கைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் கையில் மறுக்கும் உரிமை இருக்கிறவரிடம் கம்பெனி எவ்வளவு பணிவாகப் பேசும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக அந்தக் காசோலை. கையெழுத்தான அன்று முகவர் கொடுப்பது பெரும்பாலும் காசோலையே இல்லை, 60 அல்லது 90 நாள் கழித்து நிறுவனம் ஒப்புக்கொண்டால் பணமாகும் டிராஃப்ட். அந்த இடைவெளியில் சந்தை விழுந்தால் ‘பத்திரத்தில் சிக்கல்’ என்று சொல்லித் திருப்பிவிடலாம். குத்தகையோ அதற்குள் பதிவாகியிருக்கும், அதைக் கழற்ற இவர் அலைய வேண்டும். 2008 கோடையில் வாயு விலை 13 டாலரைத் தாண்டி, அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தபோது இப்படிப் பல டிராஃப்டுகள் திரும்பின. எனக்குத் தெரிந்த ஒருவர் அந்தப் பணத்தை நம்பிக் கொட்டகைக்கு முன்பணம் கொடுத்திருந்தார். பணம் வங்கியில் ஏறிய பிறகே பதிவு என்று எழுதச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்திட்ட மூலத் தாள் மைத்துனரின் வழக்கறிஞரிடம் இருக்கட்டும். அந்த வழக்கறிஞர் எரிவாயுக் குத்தகை மட்டுமே பார்ப்பவராக இருக்க வேண்டும், வீடு வாங்கும்போது பத்திரம் எழுதிக் கொடுத்தவர் போதாது. ஏக்கருக்கு எவ்வளவு என்பதை அவரிடமே கேட்கலாம், அந்த வாரம் அந்த மாவட்டத்தில் என்ன ஓடுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.